வியர்வையில் விழிக்கும் மின்கலம்

தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வந்து நிற்கும் ஒரு சரக்குக் கப்பலை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதில் பணியாற்றும் மாலுமி ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு அங்கி உண்டு. அங்கியின் தோள்பக்கம் விரல் பருமனே உள்ள ஒரு சிறு விளக்கு பொருத்தப்பட்டிருக்கும். நள்ளிரவில் ஒருவர் தவறிக் கடலில் விழுந்துவிட்டால், அந்த விளக்கைத் தேடிப் பொத்தானை அமுக்க அவருக்கு நேரம் ஏது? தேவையுமில்லை. பல அங்கிகளில் உள்ள விளக்கு, கடல்நீர் பட்டவுடன் தானாகவே எரியத் தொடங்கிவிடும். இத்தகைய விளக்கு குறைந்தது 8 மணி நேரம் எரிய வேண்டும் என்பது பன்னாட்டுக் கடற்பயண விதி.

ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்த விளக்கைக் கடல்நீர் எவ்வாறு எழுப்பியது? கடல்நீரில் மின்சாரம் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், அறிவியல் உலகில் இன்று பேசப்படும் மற்றொரு செய்தியும் உங்களுக்கு எளிதில் விளங்கிவிடும். வியர்வை, உமிழ்நீர், சிறுநீர் போன்ற உடல் நீர்களால் இயங்கும் மின்கலங்களை ஆய்வாளர்கள் செய்து காட்டியுள்ளனர். அவற்றுள் சில காகிதம்போல் மெல்லியவை, துணிபோல் வளைபவை. உடலில் ஒட்டிக்கொள்ளும் சிறு கருவிகளுக்கு மின்சாரம் தருவதே அவற்றின் வேலை. கடலில் எரியும் விளக்கும் தோலில் ஒட்டும் மின்கலமும் உண்மையில் நெருங்கிய உறவினர். அந்த உறவைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கடல்நீரில் மின்சாரம் இருக்கிறதா?

இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800-ஆம் ஆண்டில் உலகின் முதல் மின்கல அடுக்கைச் செய்தார். வெள்ளி வட்டு, துத்தநாக வட்டு, இடையில் உப்புநீரில் நனைத்த அட்டை என மாறி மாறி அடுக்கினார். அடுக்கின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்ததும் மின்சாரம் ஓடியது. அட்டை காய்ந்துவிட்டால் மின்சாரம் நின்றுவிடும்.

அப்படியானால் உப்புநீர்தானே மின்சாரத்தைக் கொடுத்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். சற்றுப் பொறுங்கள். வெள்ளிக்குப் பதிலாகவும் துத்தநாகத்தையே வைத்தால், எவ்வளவு உப்புநீர் ஊற்றினாலும் பயன்படக்கூடிய மின்சாரம் கிடைக்காது. இரண்டு வேறுபட்ட உலோகங்கள் வேண்டும். ஒன்று எலெக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுப்பதாக இருக்க வேண்டும். மற்றொன்றின் பக்கத்தில் அவற்றை வாங்கிக்கொள்ளும் பொருள் ஒன்று இருக்க வேண்டும். கொடுப்பதற்கு ஒருவர், வாங்குவதற்கு ஒருவர்; அவ்வளவுதான் மின்கலம்.

எலெக்ட்ரான்கள் வெளியே உள்ள கம்பி வழியாகச் செல்கின்றன. அதே வேளையில், உள்ளே அயனிகள் நகர்ந்து கணக்கை நேர்செய்ய வேண்டும். அயனிகள் நகர்வதற்கு வழி விடும் பொருளையே மின்பகுளி என்கிறோம். உப்புநீர் ஒரு நல்ல மின்பகுளி. அதில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் தடையின்றித் திரிகின்றன.

ஆகவே ஒரு செய்தியை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி விளக்கில் எரிபொருள் கடல்நீர் அன்று. உள்ளே இருக்கும் உலோகமே எரிபொருள். கடல்நீர் பாதையைத் திறந்துவிடுகிறது. கதவைத் திறப்பவனும் கருவூலத்துக்குச் சொந்தக்காரனும் ஒருவரே அல்லர் அல்லவா?

கொடுப்பவரும் வாங்குபவரும்

கடல்நீர் மின்கலங்களில் எலெக்ட்ரான் கொடுக்கும் உலோகமாகப் பெரும்பாலும் மக்னீசியம் பயன்படுகிறது. இது எடை குறைந்த உலோகம். எலெக்ட்ரான்களை விட்டுவிடத் துடிக்கும் உலோகமும்கூட. மக்னீசிய அணு ஒவ்வொன்றும் 2 எலெக்ட்ரான்களை விடுத்து, மக்னீசிய அயனியாகிறது. ஒரு கிராம் மக்னீசியம் முழுவதும் இவ்வாறு மாறினால், ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 2 மணி 12 நிமிடத்திற்குத் தர முடியும். நடைமுறையில் இவ்வளவு கிடைப்பதில்லை. ஒரு பகுதி மக்னீசியம் நேரடியாக நீருடன் வினைபுரிந்து, ஹைட்ரஜன் குமிழிகளை எழுப்பி வீணாகிவிடுகிறது.

எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் வேலையை வெள்ளி குளோரைடு அல்லது தாமிர குளோரைடு செய்கிறது. எலெக்ட்ரான்களைப் பெற்றதும் அது வெள்ளியாகவோ தாமிரமாகவோ மாறிக் குளோரைடு அயனிகளை வெளிவிடுகிறது. மக்னீசியமும் தாமிர குளோரைடும் சேர்ந்த கலம் ஏறத்தாழ 1.5 வோல்ட் தரும். உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் உள்ள மின்கலத்தின் அளவு.

மக்னீசியமும் வெள்ளி குளோரைடும் கொண்ட கடல்நீர் மின்கலத்தை 1943-இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தார் உருவாக்கினர். அது போர்க்காலம். நீருக்கடியில் பாயும் டார்ப்பிடோக்களை இயக்க அது தேவைப்பட்டது. வெள்ளிக்குப் பதில் விலை மலிவான தாமிர குளோரைடு சேர்ந்ததும், வானிலை ஆய்வுப் பலூன்களில் பறக்கும் கருவிகளுக்கும் இத்தகைய மின்கலங்கள் பயன்பட்டன. பலூனை விடுவதற்குச் சற்று முன் மின்கலத்தை நீரில் நனைப்பார்கள். அது விழித்துக்கொள்ளும்.

இவற்றின் பெருமை அதன் உறக்கத்தில் இருக்கிறது. சாதாரண மின்கலம் கடையில் இருக்கும்போதே சிறிது சிறிதாகச் சக்தியை இழக்கும். நீர் படாத கடல்நீர் மின்கலத்தில் வினையே நடப்பதில்லை. காய்ந்த நிலையில் பத்திரமாக வைத்திருந்தால், பல ஆண்டுகள் கழித்தும் தேவைப்படும் நொடியில் வேலை செய்யும்.

துறைமுகத்துத் துருவும் ஒரு மின்கலமே

கடற்கரை ஊர்களில் வாழும் மாணவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். மிதிவண்டிச் சக்கரம், சன்னல் கம்பி, படகின் ஆணி ஆகிய எல்லாம் உள்ளூரைவிட இங்கே விரைவில் துருப்பிடித்துவிடும். ஏன்?

இரும்பின் ஒரு பகுதி எலெக்ட்ரானைக் கொடுக்கிறது. மற்றொரு பகுதியில் காற்றின் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. இடையே உப்பு ஈரம் பாதையாகிறது. இங்கே கம்பியும் விளக்கும் இல்லை, இரும்பே கம்பி. கிடைக்கும் மின்சாரம் யாருக்கும் பயன்படாமல் போகிறது. இரும்பு மட்டும் கரைகிறது. ஆகவே துரு என்பது பயனின்றி ஓடும் ஒரு மின்கலம். கடல்நீர் மின்கலம் என்பது பயனுக்காக ஓடவிட்ட அரிப்பு.

உப்பு இங்கே இரண்டாவது வேலை ஒன்றையும் செய்கிறது. மக்னீசியம், அலுமினியம் போன்ற உலோகங்கள் தம்மேல் மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்துக்கொள்கின்றன. அந்தப் படலம் மேற்கொண்டு வினை நடக்காதபடி தடுக்கிறது. குளோரைடு அயனிகள் அந்தப் போர்வையைத் துளைத்துக் கிழிக்க வல்லவை. தூய நீரில் சோம்பிக் கிடக்கும் மக்னீசியம், உப்புநீரில் சுறுசுறுப்படைவது இதனாலேயே.

துருவையும் மின்கலத்தையும் ஒரே கூரையின்கீழ் ஆராயும் நிறுவனம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நீர் பட்டால் இயங்கும் மக்னீசிய மின்கலங்கள் இந்நிலையம் ஆராய்ந்த பொருள்களுள் அடங்கும். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கடலோர ஆய்வு மையங்கள் அமைந்தன. கடலில் உலோகம் எவ்வாறு அரிக்கப்படுகிறது, அதை எவ்வாறு தடுப்பது என்பன அம்மையங்களின் கேள்விகள்.

மக்னீசியத்தைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதும் இல்லை. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியம் கரைந்துள்ளது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு படிந்தபின் பாத்தியில் எஞ்சும் நீரை நாவில் வைத்தால் கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணம், அதில் செறிந்துள்ள மக்னீசிய உப்புகளே. கடல்நீர் மின்கலத்தின் எரிபொருளும் கடலில் இருக்கிறது. அதை எழுப்பும் உப்பும் கடலில் இருக்கிறது.

நமக்குள் ஒரு சிறு கடல்

இனி, கடலிலிருந்து உடலுக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு சேர்க்கிறார்கள். நம் இரத்த நீரின் செறிவுக்கு அது ஏறத்தாழ ஒத்து வருவதே காரணம். வியர்வையில் உள்ள உப்பு ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 5 கிராம் வரை இருக்கலாம். வியர்வை கரிப்பதும், காய்ந்த சட்டையில் வெள்ளைக் கோடுகள் தெரிவதும் இதனால்தான்.

கடல்நீரைவிடச் செறிவு குறைவு. ஆனால் அதே சோடியம், அதே குளோரைடு. எனவே கடல்நீரால் விழிக்கும் மின்கலம் உடல் நீராலும் விழிக்க வேண்டும் அல்லவா?

விழித்தது. 2005-இல் சிங்கப்பூரில் உள்ள உயிர்ப்பொறியியல் மற்றும் நானோ தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த கி பாங் லீ என்னும் ஆய்வாளர், சிறுநீரால் இயங்கும் காகித மின்கலத்தைச் செய்து காட்டினார். தாமிர குளோரைடு ஊறிய வடிதாளின் ஒரு பக்கம் மக்னீசியப் படலம், மறு பக்கம் தாமிரப் படலம். இவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே வைத்து ஒட்டினார். 0.2 மி.லி. சிறுநீர், அதாவது சில துளிகளே விடப்பட்டன. ஏறத்தாழ 1.5 வோல்ட் மின்னழுத்தமும், 1.5 மில்லிவாட் வரை திறனும் கிடைத்தன. சர்க்கரை நோய் போன்றவற்றைக் கண்டறிய உதவும் மலிவான சோதனைத் தாள்களுக்கு இது பயன்படும் என்பது அவர் எண்ணம். சோதிக்க வேண்டிய நீரே சோதிக்கும் கருவியை எழுப்பிவிடும்.

உற்று நோக்குங்கள். மக்னீசியம், தாமிர குளோரைடு, உப்பு நீர். வானிலைப் பலூனில் பறந்த அதே மின்கலந்தான் காகிதமாய் மெலிந்து வந்திருக்கிறது!

இதே இணை வயிற்றுக்குள்ளும் சென்றுவிட்டது. மருந்து மாத்திரைக்குள் மணல் பருக்கை அளவே உள்ள ஒரு மின்னணுச் சில்லு வைக்கப்பட்டது. அதன் ஒரு பக்கம் மக்னீசியம். மறு பக்கம் தாமிர குளோரைடு. விழுங்கியபின் இரைப்பை நீர் பட்டதும் அது சில நிமிடங்கள் விழித்து, ‘மருந்து உள்ளே வந்துவிட்டது’ என்று வயிற்றின்மேல் ஒட்டிய பட்டைக்குச் செய்தி அனுப்பும். இத்தகைய மாத்திரை ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆனால் சில்லைத் தயாரித்த நிறுவனம் 2020-இல் நொடித்துப் போயிற்று. நல்ல அறிவியலாக இருப்பது ஒன்று; சந்தையில் நிலைப்பது வேறொன்று.

வளைந்தும் உடையாத மின்கலம்

மணிக்கட்டிலோ முதுகிலோ ஒட்ட வேண்டிய கருவிக்கு உருளை மின்கலம் பொருந்துமா? பொருந்தாது. உடல் வளைகிறது, நீள்கிறது, நனைகிறது. மின்கலமும் அவ்வாறே வளைய வேண்டும்.

2007-இல் அமெரிக்காவின் ரென்சலேர் பாலிடெக்னிக் கல்லூரி ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி காட்டினர். அக்குழுவில் கேரளத்தில் பிறந்த புலிக்கல் அஜயனும், ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியரான புஷ்பராஜும் இருந்தனர். காகிதம் செய்யப் பயன்படும் செல்லுலோசில் கரி நானோகுழாய்களைப் பதித்தார்கள். இவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கரிக் குழல்கள். மின்சாரத்தை நன்கு கடத்துபவை. விளைந்தது ஒரு கறுப்புத் தாள். அதைச் சுருட்டலாம், மடிக்கலாம், வேண்டிய வடிவில் வெட்டலாம். அதன் பெரும்பகுதி வெறும் காகிதமே.

வியர்வையும் இரத்தமும் இந்தத் தாளுக்கு மின்பகுளியாக உதவின. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அவ்வாறு அவர்கள் செய்து காட்டியது மின்தேக்கி வகையைச் சேர்ந்தது. அதாவது, முதலில் வெளியிலிருந்து மின்னேற்றம் செய்ய வேண்டும். பிறகு அது திருப்பித் தரும். வியர்வை அயனிகளுக்கு வழி விட்டது, மின்சாரத்தை உண்டாக்கவில்லை. ‘வியர்வையில் ஓடும் மின்கலம்’ என்று செய்தித்தாளில் படிக்கும்போது, ‘ஆற்றல் எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்கப் பழகுங்கள். அந்த ஒரு கேள்வி பல மயக்கங்களைத் தீர்த்துவிடும்.

வியர்வையே எரிபொருளாக முடியுமா?

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் உடல் நீர் பாதையாகவே இருந்தது. அது எரிபொருளாகவும் ஆகக்கூடிய வழி ஒன்று உண்டு.

வியர்வையில் உப்பும் நீரும் மட்டும் இல்லை. லாக்டேட் என்னும் பொருளும் உள்ளது. நீங்கள் வேகமாக ஓடும்போது தசைகளில் உண்டாவதும் இதுவே. இதில் வேதி ஆற்றல் அடங்கியிருக்கிறது. லாக்டேட்டிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும் நொதிகள் உள்ளன. அந்த நொதியை ஒரு மின்வாயில் பூசி, தோலில் ஒட்டிவிட்டால் போதும். வியர்வை சுரக்கும் வரை எலெக்ட்ரான்கள் வந்துகொண்டிருக்கும். மறு மின்வாயில் காற்றின் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்ளும். இதனை உயிரி எரிபொருள் கலம் என்பர்.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஜோசப் வாங் குழுவினர் இத்துறையில் தொடர்ந்து உழைத்து வருகின்றனர். 2021-இல் அவர்கள் விரல் நுனியில் சுற்றிக்கொள்ளும் ஒரு பட்டையைச் செய்தனர். விரல் நுனியில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக உள்ளன; ஓடாமல் ஆடாமல் இருக்கும்போதும் அங்கே சிறிது வியர்க்கும். 10 மணி நேர உறக்கத்தில் அந்தப் பட்டை, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 300 மில்லிஜூல் ஆற்றலைச் சேர்த்தது. 2020-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தின் வெய் காவோ குழுவினர், லாக்டேட்டால் இயங்கிக் கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் செயற்கைத் தோல் ஒன்றை உருவாக்கியிருந்தனர்.

இதன் குறை என்ன? நொதி ஒரு புரதம். வெப்பமும் காலமும் அதைச் சிதைத்துவிடும். மக்னீசியக் கலத்தைப்போல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் உறங்க அதனால் இயலாது.

சற்றுக் கணக்குப் போடுவோம்

300 மில்லிஜூல் என்பது 0.3 ஜூல். 10 மணி என்பது 36,000 விநாடி. வகுத்தால் சராசரித் திறன் ஏறத்தாழ 8 மைக்ரோவாட். ஒரு சாதாரணக் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்திற்கு ஓரிரண்டு மைக்ரோவாட் போதும். ஆகவே ஒரு விரலின் வியர்வையால் ஒரு கைக்கடிகாரம் ஓடலாம்!

கைப்பேசிக்கு என்ன ஆகும்? கைப்பேசி மின்கலம் ஒன்றில் ஏறத்தாழ 15 வாட்-மணி ஆற்றல் உள்ளதாகக் கொள்வோம். அது 54,000 ஜூல். இரவுக்கு 0.3 ஜூல் வீதம் ஒரு விரல் சேர்த்தால் 1,80,000 இரவுகள் ஆகும். பத்து விரல்களிலும் பட்டை மாட்டினாலும் 18,000 இரவுகள், அதாவது ஏறத்தாழ 49 ஆண்டுகள்!

இந்தக் கணக்கு நமக்கு ஓர் எல்லையைக் காட்டுகிறது. உடல் நீர் மின்கலம் சிற்றெறும்பு போன்றது. சிறு சுமையைத் தளராமல் தூக்கும்; வண்டி இழுக்கச் சொல்லக் கூடாது. சோடியத்தின் அளவை அளப்பது, வெப்பநிலையைக் குறிப்பது, சில நிமிடத்துக்கு ஒருமுறை சிறு செய்தி அனுப்புவது ஆகியவையே அதற்கேற்ற வேலைகள்.

யாருக்குப் பயன்படும்?

மார்ச் முதல் செப்டம்பர் வரை தூத்துக்குடி உப்பளத்திற்குச் சென்று பாருங்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கீழிருந்தும் சுடும். பாத்திகளில் உப்பு வாரி, கூடையில் சுமந்து அம்பாரமாகக் குவிப்பவர்களுள் பெண்கள் பெருந்தொகையினர். கடும் வெயிலில் உழைப்பவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வியர்வைகூட வெளியேறலாம். நாம் மேலே பார்த்த கணக்கின்படி, அதனுடன் 1 முதல் 5 கிராம் உப்பும் போகும். நீரும் உப்பும் குறைந்தால் முதலில் தலைவலி, தசைப்பிடிப்பு, மயக்கம். நாள்தோறும் இது நேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017-க்கும் 2020-க்கும் இடையே தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் ஆய்வு நடத்தினர். ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர், பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்பைத் தாண்டிய சூழலில் உழைப்பது தெரிய வந்தது. உடலில் நீர் வற்றுதலும் சிறுநீர்த் தொல்லைகளும் பதிவாயின. கழிப்பிட வசதி இல்லாமையும் இத்தொல்லைகளோடு சேர்ந்தது. கழிப்பிடம் இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வியர்வையில் உள்ள சோடியம், பொட்டாசியம், லாக்டேட், குளுக்கோஸ் ஆகியவற்றை ஒரே நேரத்தில் அளக்கும் மணிக்கட்டுப் பட்டையை 2016-இல் பெர்க்கிலி நகர ஆய்வாளர்கள் செய்து காட்டினர். அத்தகைய உணரியும் வியர்வையால் விழிக்கும் மின்கலமும் ஒரே பட்டையில் இணைந்து, விலையும் மலிவாக அமைந்தால் என்ன ஆகும்? ‘போதும், நிழலுக்கு வா, உப்பிட்ட நீர் குடி’ என்று மயக்கம் வருமுன்பே அது எச்சரிக்கலாம். வெயில் ஏற ஏற வியர்வை பெருகும். வியர்வை பெருகப் பெருகக் கருவி நன்கு இயங்கும். ஆபத்து மிகும் வேளையில்தான் இந்தக் காவலன் விழித்திருப்பான். துறைமுகத்தில் சுமை தூக்குபவர், சாலை போடுபவர், செங்கல் சூளையில் உழைப்பவர் என்று எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. பட்டை எச்சரித்த பிறகு போய் நிற்பதற்கு நிழல் வேண்டும், குடிப்பதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், வேலையைச் சற்று நிறுத்தினால் கூலி குறையாது என்ற உறுதி வேண்டும். இவை எவற்றையும் எந்த மின்கலமும் தர முடியாது. தேவையை அளந்து காட்டுவது கருவியின் வேலை. தேவையை நிறைவேற்றுவது மனிதர் வேலை.

இந்தக் கரையில் ஒரு பழைய பாடமும் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நாளில், குளிப்பவர் கல்லைப் பற்றிக் கடலடிக்கு இறங்குவார். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பார். மேலே படகில் இருப்பவர் உடனே இழுத்துவிடுவார். தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அந்தக் கயிறு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மேலே அதைக் கவனிக்கும் கை ஒன்று இல்லாவிட்டால் பயனில்லை. நாளைய வியர்வைப் பட்டைக்கும் இது பொருந்தும்.

நீங்களே செய்து பாருங்கள்

உலோகம் எதைத் தீர்மானிக்கிறது, உப்புநீர் எதைத் தீர்மானிக்கிறது என்பதை ஓர் எளிய சோதனையால் அறியலாம். உங்கள் அறிவியல் ஆசிரியரின் துணையுடன் செய்யுங்கள்.

தேவையானவை: ஒரே அளவுள்ள தாமிரத் தகடும் துத்தநாகத் தகடும் ஒவ்வொன்று, வடிதாள், மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளக்கும் மல்டிமீட்டர், சமையல் உப்பு, காய்ச்சி வடித்த நீர்.

மூன்று டம்ளர்களில் 200 மி.லி. வீதம் காய்ச்சி வடித்த நீர் எடுங்கள். முதல் டம்ளரில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் அரை கிராம், அதாவது ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் அது வியர்வைக்கு நிகர். மூன்றாவதில் 7 கிராம் உப்பு சேர்த்தால் அது கடல்நீருக்கு நிகர். (உண்மையான வியர்வையோ வேறு உடல் நீரோ பயன்படுத்த வேண்டாம்; அது தூய்மைக்கு உகந்ததன்று.)

வடிதாள் துண்டை முதல் டம்ளரில் நனைத்து, இரு தகடுகளுக்கும் இடையே வைத்து அமுக்குங்கள். முதலில் மின்னழுத்தத்தையும், பின்பு மின்னோட்டத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தகடுகளைத் துடைத்துவிட்டு, புதிய தாளுடன் மற்ற இரண்டு நீர்களையும் இவ்வாறே சோதியுங்கள். உப்பைக் கூட்டும்போது மின்னழுத்தம் பெரிதாக மாறாமலும், மின்னோட்டம் பல மடங்கு ஏறியும் இருப்பதைக் காண்பீர்கள். மின்னழுத்தத்தை வகுத்தது உலோக இணை. மின்னோட்டத்துக்கு வழியை அகலமாக்கியது உப்பு.

இத்தகைய கலங்கள் நான்கைத் தொடராக இணைத்தால் ஒரு சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கு மங்கலாக ஒளிரக்கூடும். சோதனை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவுங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. உயிர்காப்பு அங்கி விளக்கு நல்ல தண்ணீர் ஏரியில் விழுந்தால், கடலில் எரிவதைப்போலவே பிரகாசமாக எரியுமா? ஏன்?

2. மேற்கண்ட சோதனையில் இரண்டு தகடுகளும் தாமிரமாகவே இருந்தால் மல்டிமீட்டர் என்ன காட்டும்?

3. கப்பலின் இரும்பு அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். துத்தநாகம் கரைய, இரும்பு பிழைக்கிறது. மின்கலத்தைப் பற்றி நீங்கள் அறிந்ததைக் கொண்டு இதற்குக் காரணம் கூறுங்கள்.

4. வியர்வையால் இயங்கும் எச்சரிக்கைப் பட்டை ஒன்றை உங்கள் ஊரில் உழைப்பவர் ஒருவருக்காக நீங்கள் வடிவமைப்பதாக இருந்தால், மக்னீசியக் கலத்தைத் தேர்ந்தெடுப்பீர்களா, லாக்டேட் கலத்தைத் தேர்ந்தெடுப்பீர்களா? விலை, ஆயுள், வெயில் ஆகிய மூன்றையும் எண்ணி முடிவு செய்யுங்கள். முடிவெடுக்குமுன் அவரிடமே சென்று, அவருக்கு முதலில் என்ன தேவை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.